மின்னக் கூடாத பெண் கொசு

நாற்காலி சாய்ந்த சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். கழுகக்கா மைக்ரோஸ்கோப்பை விட்டு இரண்டு எட்டு பின்னால் போய், அது ஏதோ கடிக்க வந்துவிட்டது போல இரு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாக அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்க்கிறோம். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"நீ ஒரு தடவை பாரு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே பாத்துட்டுச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் ஒரு செத்த கொசு. விளக்கொளியில் அதன் உடம்பு சிவப்பாக மின்னியது. மின்னினால் என்ன, தினமும் மின்னுகிற கொசுக்களைத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபடியே ஊசி முனையால் அதன் தலையைத் திருப்பினேன். ஆண் கொசுவின் மீசை இறகு மாதிரி அடர்ந்திருக்கும். இதற்கு மீசை மொட்டையாக, இரண்டு நூல் போல இருந்தது.

தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"பொட்டையா, அக்கா?"

"பொட்டைதான்."

இதற்கு ஏன் இரண்டு பெண்கள் பேயறைந்தது மாதிரி நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். ஆணுக்கு இரத்தம் வேண்டாம், பூச்சாறே போதும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றிய கொசுக்களை வளர்க்கிறோம். அவற்றில் ஆண்களை மட்டும் டப்பாக்களில் அடைத்துக்கொண்டு போய், வாரத்துக்கு இரண்டு முறை தெருத்தெருவாகத் திறந்துவிடுவோம். அவை வெளியிலுள்ள பெண் கொசுக்களைத் தேடிப் போய்ச் சேரும். பிறக்கும் குஞ்சுகளில் ஆண் பிழைக்கும். பெண் தண்ணீரில் புழுவாக இருக்கும்போதே செத்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பெண் குறைந்தால் கடியும் குறையும், காய்ச்சலும் குறையும். எங்கள் கொசுவின் வாரிசு எது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் அந்தச் சிவப்பு மினுமினுப்பு. ஆக, தெருவில் பிடிபடும் ஆண் மின்னலாம். மின்னுகிற பெண் வெளியில் வளர்ந்து பறக்கவே கூடாது.

வளர வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு வழி உண்டு. கூடத்துக்குள் முட்டைக்காகப் பெண்களையும் வளர்த்தாக வேண்டும் அல்லவா? அதற்காக அந்தத் தொட்டிகளின் தண்ணீரில் ஒரு மஞ்சள் பொடி கலப்போம். டெட்ராசைக்ளின் என்ற மருந்து. அது தண்ணீரில் இருக்கும் வரை கொல்லுகிற மரபணு வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். வெளியே விடுவதற்காக வளர்க்கிற தொட்டியில் அந்தப் பொடியை ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டோம்.

"எந்தப் பொறி அக்கா?" என்று கேட்டேன்.

பொறி எண் அட்டையைப் பார்க்காமலேயே, முகம் வெளிறச் சொன்னார். "நாப்பத்திரெண்டு."

கொசு பிடிக்கத் தெருக்களில் அறுபது பொறி வைத்திருந்தோம். நாற்பத்திரண்டாவது அக்காவின் தெருவில், அவர் வீட்டுக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில்மேல் இருந்தது.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அன்று அவர் முகம் ஏன் அப்படி வெளிறியது என்பது புரியும். முன்பு அவர் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் இருந்தார். ஓடுகிற பட்டையில் ஆயிரக்கணக்கில் வரும் சட்டைப் பொத்தான்களில் ஓட்டை கோணலானதை, விளிம்பு உடைந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அங்கே கிடைத்த பட்டம்தான் கழுகு. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு அக்காவைச் சேர்த்துக்கொண்டோம்.

அவருக்குப் பள்ளியில் ஒரு தோழி இருந்தாள். தன் அண்ணனுக்கு அவளைப் பேசி முடித்ததே அக்காதான். தோழி அண்ணியாகி அடுத்த வீட்டுக்கே வந்துவிட்டாள். இருவரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுவதைப் பார்த்து அண்ணன், "எனக்குக் கல்யாணமா, உங்களுக்கா?" என்று கேலி செய்வாராம்.

ஒரு திங்கட்கிழமை அண்ணிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று பின் அறையில் படுத்திருந்தாள். புதன்கிழமை டெங்கு என்றார்கள். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து சிரித்தாள், தலை பின்னிவிடச் சொன்னாள். அக்கா பின்னிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை கை காலெல்லாம் சில்லிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நாங்க சந்தோஷப்பட்ட நாள்தான் ஆபத்தான நாளாம். யாரும் சொல்லலியே!" என்று அக்கா இப்போதும் சொல்வார். சொல்லும்போது யாரோ கன்னத்தில் அறைந்தது போல் இருக்கும் அவர் முகம்.

அடுத்த வருடம் எங்கள் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். பொத்தான் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆரம்பத்தில் தெருக்காரர்கள் விடவில்லை. "இருக்கற கொசு பத்தாதுன்னு டப்பாவுல வேற கொண்டாறீங்களா?" என்று வண்டியை மறித்தார்கள். அக்காதான் போய்ப் பேசினார். நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆண் கொசு நிறைந்த கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு கால் மணி நேரம் இருந்தார். "ஒண்ணாவது கடிச்சிருக்கா பாருங்க!" என்று எழுந்து காட்டினார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா அவர் கையை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் ஆளாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்ட பிறகு தெரு முழுக்கப் போட்டது.

அக்கா அப்படிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த தெருவிலிருந்துதான் அந்தப் பெண் கொசு வந்திருந்தது.

எங்கள் கூடத்தின் தலைவியை டாக்டரம்மா என்போம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பூச்சிகளைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஆனாலும் தெருவில் இறங்கினால் முழங்கால் வலிக்கு மருந்து கேட்காத ஆள் கிடையாது. அவர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நம்ம கூடத்துல இருந்து ஒண்ணு தப்பிச்சுப் போயிருக்கும்," என்றார். கதவு, வலை, ஜன்னல் என்று எல்லாவற்றையும் துருவினோம். ஊசி நுழைய ஓட்டை இல்லை. அடுத்த மூன்று நாளில் அதே பொறியில் இன்னும் ஐந்து வந்தன. ஐந்தும் பெண். ஐந்தும் மின்னின.

நான்காம் நாள் மதியம் அக்கா அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். அதன் பிறகு நடந்தது அவர் என்னிடம் சொன்னது.

அண்ணி போன பிறகு அண்ணன் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, வீட்டுப் பக்கவாட்டில் கொட்டகை போட்டுக் கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார். அறுநூறு கோழி இருக்கும். அக்கா உள்ளே போனபோது அவர் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயின் நுனியில் சொட்டிய தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"அண்ணா, இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"மருந்து பாப்பா. குஞ்சுங்களுக்கு மூச்சு இரைப்பு விடவே மாட்டேங்குது. ஆறேழு மாசமா கலந்து குடுக்கறேன்."

"என்ன மருந்து?"

"பேரெல்லாம் யாருக்கு வாயில நுழையுது? அந்தா, பலகை மேல இருக்கு பாரு."

அக்கா டப்பாவை எடுத்துப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. தினமும் காலையில் தன் கையால் மூடி திறக்கிற அதே பெயர்.

"மிச்சத் தண்ணிய எங்க கொட்டுவே?"

"ஏன் கொட்டணும்? பின்னாடி டிரம்முல ஊத்தி வெச்சுக்குவேன். எலுமிச்சைக்கு ஆகுமில்ல?"

பின்னால் போனார். பின் அறை ஜன்னலுக்குக் கீழே நீல நிற டிரம் இருந்தது. மூடி இல்லை. இளமஞ்சள் தண்ணீரில் நூற்றுக்கணக்கான புழுக்கள் எம்பி எம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எங்கள் கூடத்துத் தொட்டியைத் தூக்கி வந்து வைத்தது போல இருந்ததாம். "எனக்குக் காது அடைச்சுப் போச்சு. கோழிங்க கத்தறதுகூடக் கேக்கல," என்றார்.

அதைவிடப் பெரிய இடி அவருக்கு வேறு இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார்கள். அக்காவின் வாசலுக்கு வந்தால் மட்டும், "கொசு ஆபீஸ்காரங்க வீட்ல நாங்க என்னத்தப் பாக்கறது!" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் வீட்டையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் அக்கா. சொன்னாரே தவிரப் பார்க்கவில்லை. அண்ணி படுத்திருந்த அறையின் பக்கம் அவரால் போக முடியவில்லை. தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே, 'தேங்கிய நீர் இல்லை' என்று வாராவாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வாரம்.

மறுநாள் காலை ஒரு பாட்டிலில் டிரம் தண்ணீரைக் கொண்டுவந்தார். நானும் டாக்டரம்மாவும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். கூட்டுப்புழுவைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். நான் எண்ண எண்ண டாக்டரம்மா எழுதினார். மின்னுகிற பெண் ஒன்று, மின்னுகிற பெண் இரண்டு என்று முப்பதைத் தாண்டியதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நாம அனுப்பற அப்பனுங்களோட பொண்ணுங்களுக்கு நம்ம தெருவுலயே ஒருத்தர் மருந்து குடுத்து வளத்திருக்காரு," என்றார். கேலி செய்யும் குரலில் சொல்லவில்லை. நம்ப முடியாத ஒன்றைச் சொல்லிப் பார்க்கிற குரல்.

அக்கா பையிலிருந்து இருபத்தாறு படிவங்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டாக்டரம்மா, இதெல்லாம் நான் பாக்காம போட்ட கையெழுத்து."

அக்காவின் கண்ணுக்குத் தப்பிய பொத்தான் கிடையாது என்று பெயர். இந்தக் கூடத்தில் நாங்கள் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் காட்டுவோம். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

"ஏன்?" என்றார் டாக்டரம்மா.

"அந்தப் பக்கம் என்னால போக முடியல. வேற காரணம் இல்ல. என்னை அனுப்பிடுங்க."

டாக்டரம்மா நெடுநேரம் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "உங்களை அனுப்பறதா இருந்தா நானும் கூட வரணும்," என்றார் கடைசியில். "கோழிக்கு இந்த மருந்து குடுப்பாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதுக்காகத்தான் பெரிய பண்ணையெல்லாம் தேடித் தேடிப் பாத்தேன். வீட்டோட இருக்கற கொட்டகை என் மண்டையிலயே தோணல. மேலிடத்துக்கு ரெண்டு தப்பையும் எழுதறேன். முதல்ல உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க. அப்புறம் தெருவுக்கும் சொல்லணும்."

அண்ணனிடம் சொன்னதுதான் அக்காவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அண்ணன் முதலில் சிரித்தார். "கோழி மருந்து குடிச்சுக் கொசு பொழைக்குதா? போ பாப்பா!" அக்கா மெதுவாக விளக்கிச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அப்படியே உறைந்தது. கையிலிருந்த தீவன முறத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அவ செத்தது இந்தக் கொசுவாலதானே?"

"ஆமாண்ணா. இதே ஜாதி."

"அவ படுத்திருந்த ஜன்னலுக்குக் கீழ... நான் மருந்து ஊத்தி வளத்திருக்கேன்."

"உனக்குத் தெரியாதுண்ணா. பாக்க வேண்டியவ நான். நான்தான் பாக்கல."

அவர் பின்னால் போய் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தார். காய்ந்த மண்ணில் தண்ணீர் பரவி, புழுக்கள் துள்ளித் துள்ளி அடங்கின. மண் வெளுக்கும் வரை வெயிலில் அங்கேயே நின்றார். அக்கா கூப்பிட்டும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் தெருக்காரர்களைக் கூட்டினோம். டாக்டரம்மா பேசுவதாக இருந்தது. அக்கா எழுந்து, "கையெழுத்து வாங்கினது நான். நானே சொல்றேன்," என்றார். டிரம், மருந்து, படிவம் எதையும் விடாமல் சொன்னார். முதல் இரண்டு நிமிடம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாக மாறியது.

தையல்காரம்மா எழுந்தார். மூன்று வாரம் முன்பு அவருடைய பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, பிழைத்து வந்திருந்தாள்.

"எம் பொண்ணைக் கடிச்சது உங்க கொசுவா?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

"நாங்க விட்டது ஆணுதான். ஆனா அந்த டிரம்முல வளந்தது பொட்டை. பொட்டை எதுவா இருந்தாலும் கடிக்கும். உங்க பொண்ணைக் கடிச்சது அதுதானான்னு கண்டுபிடிக்க வழியில்ல. இல்லைன்னு சொல்லி உங்களை ஏமாத்த என்னால முடியாது."

தையல்காரம்மா அக்காவின் கையையே பார்த்தார். பிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து, "டிரம்மு என்னோடது. கேக்கறதை என்னைக் கேளுங்க," என்றார். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் காலி நாற்காலிகளை நாங்களே அடுக்கினோம்.

அந்தத் தெருவில் கொசு விடுவதைப் பதினோரு வாரம் நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் படிவங்களில் கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டார்கள். மாட்டு டாக்டர் அண்ணனுக்கு வேறு மருந்து கொடுத்தார். அது பிடிப்பதற்குள் பாதிக் குஞ்சுகள் போய்விட்டன. அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் ஒவ்வொரு வீட்டுக் கொட்டகையாக ஏறி இறங்கினோம். நம்ப மாட்டீர்கள், நான்கு தெருவில் மட்டும் மஞ்சள் தண்ணீர் கொடுக்கிற கொட்டகை ஒன்பது இருந்தது. அதில் ஒன்று எங்கள் கூடத்துக் காவலாளியின் வீடு. அவரும் எங்களைப் போலவே வாய் பிளந்து நின்றார். இப்போது மருந்துத் தண்ணீர் மிஞ்சினால் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

நாற்பத்திரண்டாவது பொறியை அக்கா தினமும் தானே எடுத்து வருவார். முதல் வாரம் மின்னுகிற பெண் பன்னிரண்டு. பிறகு ஏழு, மூன்று, ஒன்று. ஐந்தாவது வாரம் எதுவும் இல்லை. ஆறாவது வாரம் மறுபடி ஒன்று வந்தபோது அவர் அதை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு வரவே இல்லை. பதினோரு வாரம் முடிந்ததும் மறுபடி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனார். ஏழு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். தையல்காரம்மா கதவைத் திறந்தார்; பேசாமல் காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். இன்று வரை அக்காவோடு பேசுவதில்லை.

மறுபடி கொசு விட ஆரம்பித்து, அடுத்த மழைக்காலமும் முடிந்து ஒரு நாள், காய்ச்சல் கணக்கு வாங்க அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முந்தின வருட மழையில் எங்கள் தெருக்களிலிருந்து மட்டும் எழுபத்தொரு பேருக்கு டெங்கு. நர்ஸம்மா பதிவேட்டைப் பார்த்து, "மூணு," என்றார்.

"எழுபத்தி மூணா?" என்றார் அக்கா.

"மூணும்மா. வெறும் மூணு."

"சரியாப் பாருங்க. வேற பக்கத்துல எழுதியிருப்பீங்க."

நர்ஸம்மா கடுப்போடு பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார், முன்னும் பின்னும் புரட்டினார். மூன்றுதான். சாவு ஒன்றும் இல்லை. நல்ல செய்தி கேட்டு ஒருவருக்கு முகம் அப்படி வெளிறிப் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து நர்ஸம்மா தண்ணீர் கொண்டுவந்தார்.

அன்று மாலையே அண்ணனிடம் போய்ச் சொன்னாராம். அவர் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணா? நிஜமாவா?"

"நிஜமாண்ணா. நானே ரெண்டு தடவை பாத்தேன்."

அவர் கையில் எடுத்த முட்டையை அப்படியே பிடித்துக்கொண்டார். "அப்போ உங்க கொசு ஆபீஸ் ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, அவ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முட்டையை அட்டையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அண்ணன் முழுசாச் சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன். நல்லவேளை, சொல்லல," என்றார் அக்கா, மறுநாள் என்னிடம். பிறகு கண்ணாடித் தகட்டைச் சரிசெய்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.